குல்தராவா, காபாவா?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போகிறவர்கள் ஒருநாள் மிச்சமிருந்தால் கேட்பது இதுதான். இரண்டுமே பாகிஸ்தான் எல்லை மாவட்டத்தில் பாலிவால் பிராமணர்கள் விவசாயம் செய்து, 19ஆம் நூற்றாண்டில் கைவிட்டுப் போன ஊர்கள்.

தூரம்: குல்தரா நகரிலிருந்து 18 கி.மீ. காபா இன்னும் உள்ளே.

பார்க்க: குல்தராவில் தெருத் தெருவாக இடிந்த வீடுகள், நடுவே கோயில். காபாவில் மேட்டில் ஒரு கோட்டை, அதன் மேலிருந்து மொத்தப் பாழூரும் தெரியும், காலையில் போனால் மயில்களும் உண்டு.

கூட்டம்: குல்தராவில் அதிகம், பேய் நடமாடும் ஊர் என்ற கதைதான் காரணம். ஜெய்சல்மேர் அரசின் திவான் சலீம் சிங்குக்குப் பயந்து ஊரார் ஒரே இரவில் ஓடினார்கள் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தண்ணீர் வற்றியது, வரிச்சுமை என்பதுதான் பொருந்துகிறது, நிலநடுக்கம் என்றும் 2017இல் ஓர் ஆய்வு வந்தது.

அப்புறம், விவசாயம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் வழியில் கடீன் எனும் ஈர வயல் எங்கே என்று கேளுங்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரை மண்கரை போட்டுத் தேக்கி, நீர் வடிந்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பார்கள்.

குழந்தைகளோடு, நேரம் குறைவு என்றால் குல்தரா. அமைதியாக உட்கார நினைப்பவர்களுக்குக் காபா.