சம்பளமா, கமிஷனா?

தங்கச்சி மகனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று ஜவுளிக்கடையில் பில்லிங், மாதம் 17,000 ரூபாய். மற்றொன்று ஆயுள் காப்பீட்டு முகவர். சம்பளம் கிடையாது, பாலிசி பிடித்தால் கமிஷன்.

கடை வேலையில் நாள் முழுக்க நிற்கணும், சம்பளமும் பெரிசாக ஏறாது. ஆனாலும் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்பதால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, அவனிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். பி.எஃப். சேமிப்பு தனி.

முகவருக்கு இது எதுவும் இல்லை. பெட்ரோல், போன், போகிற இடத்தில் டீ, எல்லாம் கைக்காசு. முதல் மூன்று மாதம் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று ஓடிவிடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஓடினேன். நாலாவது மாதம் போன் செய்ய ஆளில்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களே என்னைக் கண்டு பந்திக்கு நழுவினார்கள். பாலிசியை 30 நாளுக்குள் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டால் வந்த கமிஷனும் திரும்பப் போகும்.

அதில் ஒரு நல்லது, புதுப்பிப்பு கமிஷன். வாடிக்கையாளர் தவணை கட்டக் கட்ட வரும். ஆனால் அது சேர வருஷங்கள் ஆகும்; வீட்டு வாடகை ஐந்தாம் தேதியே கேட்கும்.

ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான். இப்போதைக்குக் கடைக்குப் போ, ஞாயிற்றுக்கிழமை முகவர் பரீட்சைக்குப் படி என்றேன்.