இறங்கும் விலைக்கு முன்னால்: ஸ்டாப் லாஸும் ஆவரேஜும்

வாங்கிய பங்கின் விலை இறங்கத் தொடங்கியதும் டிரேடருக்கு இரண்டு வழிகள் உள்ளன. தன் கணிப்பு பொய்த்ததை ஒப்புக்கொண்டு, முன்பே குறித்த விலையில் வெளியேறுவது ஸ்டாப் லாஸ். கணிப்பு சரிதான், சந்தைதான் இன்னும் உணரவில்லை என்று கருதி, மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது ஆவரேஜ்.

யெஸ் வங்கிப் பங்கைக் கொண்டு இரண்டையும் கணக்கிடலாம். 2018 ஆகஸ்டில் அதன் விலை 400 ரூபாயை ஒட்டி இருந்தது. 5 லட்சம் ரூபாய் முதல் வைத்திருக்கும் ஒருவர், ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று தீர்மானித்து, 360 ரூபாயில் ஸ்டாப் லாஸ் வைத்தால், அவர் வாங்கக்கூடியது 125 பங்குகள். வெளியேறும்போது நஷ்டம் 5,000 ரூபாய். அதே 125 பங்குகளை வாங்கிய இன்னொருவர், 200 ரூபாயில் ஒரு முறையும் 100 ரூபாயில் ஒரு முறையும் தலா 50,000 ரூபாய்க்கு வாங்கினால், அவரிடம் 875 பங்குகள் சேரும். சராசரி விலை சுமார் 171 ரூபாய்க்கு வந்துவிடும். இடையில், 2019-இன் முற்பகுதியில், விலை 250 ரூபாயைத் தாண்டி மீண்டதும் உண்டு. அந்த மீட்சிதான் பலரை மேலும் வாங்கத் தூண்டியது என்று நான் கருதுகிறேன். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அவ்வங்கியின் மீது கட்டுப்பாடுகளை விதித்தது; மறுநாள் பங்கு 16 ரூபாய் அளவில் முடிந்தது. அந்த விலையில் ஒன்றரை லட்சத்தில் மிஞ்சுவது 14,000 ரூபாய்.

ஸ்டாப் லாஸிலும் குறை உண்டு. விலை சற்றே இறங்கி அதைத் தொட்டு, அடிக்கடி விற்க நேரும்; விற்ற மறுநாளே விலை ஏறும் வேதனையைப் பொறுக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, விலை ஒரேயடியாகச் சரியும்போது குறித்த விலையில் விற்க முடியாமல் போவதுதான்: வங்கித் தலைவரின் பதவி நீட்டிப்பை ரிசர்வ் வங்கி சுருக்கிய பின், 2018 செப்டம்பர் 21 அன்று இதே பங்கு ஒரே நாளில் 25 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. ஆகவே ஸ்டாப் லாஸைவிட எத்தனை பங்கு வாங்குகிறோம் என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அறிவு மிகுந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை என்று எண்ண வேண்டாம். 1997-இல் பொருளாதார நோபல் பெற்ற மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் கூட்டாளிகளாக இருந்த அமெரிக்க முதலீட்டு நிதியம் எல்.டி.சி.எம். (லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட்), அந்த ஆண்டின் இறுதியில் முதலீட்டாளர்களுக்கு சுமார் 270 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் தன் வர்த்தகங்களை அதற்கேற்பச் சுருக்கவில்லை. ஏறத்தாழ 470 கோடி டாலர் சொந்த முதலின் மேல் சுமார் 12,500 கோடி டாலர் கடன் நின்றது. 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தராது என்று அறிவித்ததும், ஒத்த கடன் பத்திரங்களுக்கிடையே நெருங்கிவரும் என்று அவர்கள் கணித்த விலை இடைவெளிகள் மேலும் விரிந்தன. காலப்போக்கில் கணிப்பு பலித்திருக்கக்கூடும். அதுவரை தாக்குப்பிடிக்க முதல் இல்லை. செப்டம்பரில் 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதை ஏற்றன.

ஆவரேஜ் செய்வதை நான் ஏற்கும் இடம் ஒன்றே: கடனில்லாத பணத்தில், நிஃப்டி போன்ற சந்தைக் குறியீட்டின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியில், மாதாமாதம் வாங்குவது. 2020 மார்ச் 23 அன்று 7,610 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி, அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்தது. ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் காலவரம்புள்ள உரிமை, வாங்கியவருக்கோ அப்படிக் காத்திருக்க வழியில்லை. அந்த உரிமை காலாவதியாகும் எக்ஸ்பைரி நாள் வந்ததும், இறங்க இறங்க அவர் சேர்த்த லாட்டுகள் (ஆப்ஷன் விற்கப்படும் தொகுப்புகள்) அனைத்தும் மதிப்பிழந்து போகலாம்.