தேக்காவில் பங்கு அறையா, செங்காங்கில் தனி அறையா?

சிங்கப்பூர் வேலை பாஸ் கைக்கு வந்ததும் ஊரிலிருந்து தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, தேக்கா பக்கத்துலயே ரூம் பாத்துடவா?"

தேக்கா என்பது இங்குள்ள லிட்டில் இந்தியா வட்டாரம். நானும் முதல் ஏழு மாதம் அங்கேதான் இருந்தேன். கடைவீட்டு மாடியில் ஓர் அறைக்கு மூன்று பேர், தலைக்கு 450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பிறகு தீவின் வடகிழக்கில் உள்ள செங்காங்கில், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடொன்றில் தனி அறை, 850 வெள்ளி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சம்பளம் இடம் கொடுத்தால் செங்காங்.

தேக்காவைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. படியிறங்கினால் சந்தையில் முருங்கைக்கீரை கிடைக்கும். வீரமாகாளியம்மன் கோயில், பணம் அனுப்பும் கடை, முடி திருத்தும் கடை எல்லாம் நடக்கிற தூரம், எல்லா இடத்திலும் தமிழ். புதிதாக வந்தவனுக்கு அந்த முதல் மாதத்தில் அது பெரிய ஆறுதல். அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில் என்றால் பயணமும் லேசு. ஒன்று மட்டும் கவனம்: லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் டவுன்டவுன் ரயில் நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். ஜாலான் புசார் வரை நடந்து அங்கே ஏறினால் பிசினஸ் பார்க் பக்கத்து நிலையமான எக்ஸ்போவுக்கு நேராகப் போய்விடலாம். செங்காங்கிலிருந்து வந்தால் சிராங்கூனிலும் மெக்பர்சனிலும் என இரண்டு இடத்தில் மாற வேண்டும்.

பிறகு ஏன் மாறினேன்? நம் ஊர் நேரம் இங்கிருந்து இரண்டரை மணி நேரம் பின்னால். மனைவி வேலை முடித்து, மகளுக்குச் சோறூட்டிவிட்டு உட்கார இரவு ஒன்பதாகும். இங்கே அப்போது பதினொன்றரை. அறையில் இருவர் விடிகாலை ஷிப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஏழு மாதமும் மாடிப்படியில் உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் மகளிடம் பேசினேன். "அப்பா, சத்தமா பேசுங்க, கேக்கல" என்பாள். தனி அறைக்கு நான் கூடுதலாகக் கொடுத்த 400 வெள்ளி அதற்குத்தான்.

ஊரில் கடன் இருந்தால் கணக்கு வேறு. அந்த 400 வெள்ளி மாதாமாதம் வட்டிக்குப் போகட்டும். முதல் ஒப்பந்தம் முடியும்வரை தேக்காவிலேயே இருங்கள்.

காகித விஷயத்திலும் இரண்டும் வேறு. கடைவீடு போன்ற தனியார் இடத்துக்குக் குறைந்தது மூன்று மாத ஒப்பந்தம். வீவக அறைக்கு ஆறு மாதம், அதற்கு வீட்டுக்காரர் முன்கூட்டியே வீவகவிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டுங்கள். மொத்த வாடகையில் 0.4 சதவீதம், என் ஓராண்டு ஒப்பந்தத்துக்குச் சுமார் 40 வெள்ளிதான் ஆனது. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை வழக்கென்று வந்தால் சான்றாகக் காட்ட முடியாது.

சமையலில் தேக்காதான் மேல். ஏழு பேருக்கு ஓர் அடுப்பு என்றாலும் கருவாட்டுக் குழம்பே வைக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வீவக அறை விளம்பரங்களில் "லைட் குக்கிங்" என்று போட்டிருப்பார்கள். நாம் அதை ரசமும் பொரியலும் என்று எடுத்துக்கொள்வோம். ஹவ்காங்கில் நான் பார்த்த ஒரு வீட்டில் அதற்குப் பொருள் வெந்நீரும் நூடுல்ஸும். கடுகு வெடிக்கிற வாசம் திரைச்சீலையில் தங்கிவிடுமாம். நல்லவேளை, முன்பணம் கொடுக்குமுன் கேட்டேன்.

செங்காங் வீட்டு அக்கா சிங்கப்பூர்த் தமிழர். அவரிடம் உடைத்தே பேசினேன்: "அக்கா, தினமும் தாளிப்பேன், ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிப்பேன்."

"சன்னலைத் திறந்து வச்சுக்க, தம்பி. அடுப்பை மட்டும் துடைச்சு வச்சிடு."

அந்த மீன் இன்றைக்கும் தேக்கா சந்தையிலிருந்துதான். செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயிலில் ஒன்பதாவது நிறுத்தம், மாறவே வேண்டாம்.