6,800 ரூபா டெலஸ்கோப்பும் எங்க வீட்டு மொட்டை மாடியும் – மூணு மாசம் பார்த்துட்டு எழுதுறேன்

தீபாவளி போனஸ்ல வாங்கினது. 70 எம்எம் அகல லென்ஸ், 700 எம்எம் ஃபோக்கல் லெங்த், 25 எம்எம்லயும் 10 எம்எம்லயும் ரெண்டு ஐபீஸ் (கண்ணு வெச்சுப் பார்க்கற சின்ன லென்ஸ்), ஒரு ஸ்டாண்டு, எல்லாம் சேர்த்து 6,800 ரூபா. பார்சல் பிரிச்ச அன்னைக்கே ரிவ்யூ போட்டிருந்தா ஒரு ஸ்டார் தான் குடுத்திருப்பேன், அதனால தான் இத்தன நாள் பொறுத்து எழுதுறேன்.

முதல்ல ஏன் வாங்கினேன்னு சொல்லிடறேன். எங்க ஊரு குடியாத்தம், நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன்ல இருக்கேன். பெரியவ ஆறாவது, சின்னவன் ஒண்ணாவது. நான் எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல காவலூர், மலை மேல இருக்கற பெரிய டெலஸ்கோப் நிலையம், அங்க கூட்டிட்டுப் போனாங்க, தலைக்கு அறுபது ரூபா, வீட்டுல கேட்டதுக்கு "நமக்கெல்லாம் எதுக்குடா அது"ன்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, காசு இல்ல, அவ்ளோ தான். ஆனா அந்த வார்த்தை அப்படியே உள்ள உக்காந்துடுச்சு, பாலிடெக்னிக் சேரலாமான்னு யோசிச்சப்பவும் அதே தான் வாயில வந்துச்சு. போன வருஷம் பெரியவ டிவியில ராக்கெட் விடுறதைப் பார்த்துட்டு "ப்பா, நானும் இதுல வேலை செய்ய முடியுமா"ன்னு கேட்டா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்த சொந்தக்காரர் ஒருத்தர் "நமக்கெல்லாம் எதுக்கும்மா"ன்னு சிரிச்சாரு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு. அடுத்த வாரமே போனஸ் வந்துச்சு, ஆர்டர் போட்டுட்டேன்.

வாங்கினது ஆன்லைன்ல, எந்த சைட்டுன்னு எழுத விரும்பல. மொதல்ல வந்த பீஸ்ல ஐபீஸ் சொருகற வளைஞ்ச பாகம் இருக்கில்ல, உள்ள கண்ணாடி வெச்சது, அது உடைஞ்சே வந்துச்சு. சின்னவன் அட்டைப்பெட்டி மேலயே உக்காந்து அழுதான். மாத்திக் குடுக்க பன்னெண்டு நாள் ஆச்சு, நாலு தடவை போன் பண்ணேன். அதனால பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, நான் எடுத்ததால தான் தப்பிச்சேன். அப்புறம் மழை, புயலு, மேகம்னு கார்த்திகை முழுக்க அப்படியே போயிடுச்சு.

செட் பண்றதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், கூட வர்ற பேப்பர்ல ஒண்ணுமே புரியாது. மேல சின்னதா ஒரு குழாய் இருக்கும், ஃபைண்டர், அதையும் பெரிய குழாயையும் ஒரே இடத்தைப் பார்க்கற மாதிரி பகல்லயே அட்ஜஸ்ட் பண்ணிடணும். நாங்க தூரத்துல இருக்கற செல்போன் டவர் உச்சியை வெச்சு பண்ணோம். எழுத்து ஏதாவது பார்த்தா இடது வலது மாறித் தெரியும், அது ரிப்பேர் இல்ல, உள்ள இருக்கற கண்ணாடியால அப்படித் தான் வரும். பகல்ல இந்த ஃபைண்டர் அட்ஜஸ்ட் பண்ணாம ராத்திரியில எடுத்தீங்கன்னா நிலாவைக் கூட பிடிக்க முடியாது, முதுகு வலி தான் மிச்சம்.

டிசம்பர் 27, அரையாண்டு லீவு, அரை நிலா. மாடியில பாய் விரிச்சு, எங்கம்மா சால்வை போத்திக்கிட்டு கீழ உக்காந்துகிட்டு "இன்னாடா இது, வேலூர் கோட்டை பீரங்கியாட்டம் வெச்சுகினு கீற"ங்குது. 25 ஐபீஸ் போட்டா 28 மடங்கு தான் (700ஐ 25ஆல வகுத்தா வர்றது), ஆனா நிலாவுக்கு அது போதும், முழுசா உள்ள அடங்கும். பெரியவ ஒரு கண்ணை உள்ளங்கையால மூடிக்கிட்டு குனிஞ்சா. சத்தமே இல்ல. என்னாச்சும்மான்னு கேட்டதுக்கு மூச்சு விடாம சொல்றா, "ப்பா, குழி குழியா இருக்கு, குழிக்குள்ள நிழல் இருக்கு". பௌர்ணமியில பார்க்காதீங்க, நேரா வெளிச்சம் அடிச்சு எல்லாம் தட்டையா வெள்ளையா இருக்கும், அரை நிலாவுல தான் வெயிலும் இருட்டும் சேர்ற கோட்டு ஓரத்துல ஒவ்வொரு பள்ளமும் எடுப்பா நிக்கும். சின்னவனைத் தூக்கிப் பிடிச்சேன், அவன் இமை ஐபீஸ்ல பட்டு பட்டு சிமிட்டுது, அப்புறம் "நிலா ஓடுதுப்பா"ன்னான். 10 ஐபீஸ் போட்டு 70 மடங்குல வெச்சா ரெண்டு மூணு நிமிஷத்துல எதுவா இருந்தாலும் ஓரத்துக்கு நகர்ந்து போயிடும், நாம தான் சுத்தறோம், பூமி சுத்தறது தான் இப்படித் தெரியுதுன்னு சொன்னேன். அவன் உடனே ரெண்டு காலையும் அகட்டி கெட்டியா தரையில ஊணிக்கிட்டான்.

சனி விஷயத்துல ஏமாந்துட்டோம், மறைக்காம சொல்லிடறேன். அன்னைக்கு நிலாவுக்குக் கிட்ட தான் இருந்துச்சு, பிடிக்கறது சுலபம், ஆனா பாக்ஸ் மேல போட்டிருக்கற வளையம் தெரியல. உத்துப் பார்த்தா ஊசி சொருகின மாதிரி மெல்லிசா ஒரு கோடு, அதுவும் எனக்குத் தெரிஞ்சுது, பெரியவளுக்குத் தெரியல. டெலஸ்கோப் மேல குத்தம் இல்ல. சனி சூரியனை ஒரு சுத்து வர 29 வருஷத்துக்கு மேல ஆகும், அதுல சுமார் 15 வருஷத்துக்கு ஒரு தடவை வளையம் நம்ம பக்கம் விளிம்பைக் காட்டி நிக்கும், 2025 அப்படி ஒரு வருஷம். இனி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா விரியும். இதைச் சொன்னதும் அவ நோட்டுல "சனி – ஒவ்வொரு வருஷமும் பார்க்கணும்"னு எழுதி வெச்சுட்டா.

வியாழன் தான் எங்க வீட்டு ஸ்டார். பொங்கல் லீவு நாலு நாளும் பார்த்தோம், இருட்டினதும் கிழக்குல பளிச்சுன்னு இருந்துச்சு. நடுவுல சின்னதா ஒரு வட்டம், ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல புள்ளி புள்ளியா அதோட நிலாக்கள். தினமும் நோட்டுல ஒரு வட்டமும் நாலு புள்ளியும் வரையணும்னு அவளே ரூல் போட்டுக்கிட்டா. மூணாம் நாள் ஐபீஸ்ல இருந்து கண்ணை எடுக்காமயே கத்தறா, "ஒண்ணு காணோம்பா!" நானும் பார்த்தேன், மூணு தான். லென்ஸ் அழுக்கோ, மேகமோன்னு நான் துணியைத் தேடறேன், அவ முந்தின நாள் ரெண்டு பக்கத்தையும் விரிச்சு வெச்சு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு சொல்றா, "நேத்து அது ரொம்ப கிட்ட இருந்துச்சுப்பா, பின்னாடி போயிருக்கும், இல்லன்னா முன்னாடி வந்து நிக்குது". ரெண்டுமே சரி தான். நான் சொல்லிக் குடுக்கல, எனக்கே அது தெரியாது. 1610 ஜனவரியில கலிலியோ முதல் தடவை பார்த்தப்ப அவருக்கும் மூணு தான் தெரிஞ்சுதாம், நாலாவது சில நாள் கழிச்சு தான். இதை அவகிட்ட சொன்னதுக்கு, "அப்ப அவரும் நோட்டுல தான் வரைஞ்சாரா"ன்னு கேட்டா. ஆமாம்மான்னேன்.

பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை மச்சான் வண்டியை வாங்கிக்கிட்டு காவலூர் போனோம். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை மேல ஏறணும், இப்ப திருப்பத்தூர் மாவட்டம், எங்களுக்கு இன்னும் வட ஆற்காடு தான். பொதுஜனத்துக்கு சனிக்கிழமை தான் விடுவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. நானும் அன்னைக்கு தான் முதல் தடவை பார்க்கறேன். டோம் கீழ நின்னு அண்ணாந்து பார்த்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது, அந்த அறுபது ரூபா ஞாபகம்.

அங்க இருக்கற பெரிய டெலஸ்கோப்போட கண்ணாடி 2.34 மீட்டர், எங்க வீட்டு வாசக்கதவை விட உசரம். அதைத் தேய்ச்சு பாலீஷ் போட்டது நம்ம நாட்டு ஆளுங்க, பெங்களூர்ல. அந்தக் கண்ணாடி அளவை வெச்சு தான் பெரியவ கணக்கு போட ஆரம்பிச்சா, நம்மளது 70 எம்எம், இது 2,340 எம்எம், 33 மடங்கு அகலம், அப்ப வெளிச்சம் 33 பெருக்கல் 33, ஆயிரத்துக்கு மேல! இந்த நிலையத்தை உருவாக்கின விஞ்ஞானி வைணு பாப்பு கதையும் சொன்னேன். அவங்க அப்பா ஹைதராபாத் நிஜாமியா அப்சர்வேட்டரியில உதவியாளரா இருந்தவரு, புள்ளை அங்கயே டெலஸ்கோப்புங்களைப் பார்த்து வளர்ந்து, 1949ல படிக்கும்போதே ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சு, அது அவர் பேரும் சேர்ந்த பேரோடயே இருக்கு. அப்புறம் இந்த மலையைத் தேடிப் பிடிச்சு, 1968ல 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட ஆரம்பிச்சு, பெருசு நாமளே செய்யலாம்னு நின்னாரு. ஆனா 1982லயே போயிட்டாரு, பெரிய டெலஸ்கோப்பை 1986 ஜனவரியில தான் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து அவர் பேரையே வெச்சாரு. "அப்ப அவரு அதுல பார்க்கவே இல்லயாப்பா?" இல்லம்மா. வண்டியில ஏறற வரைக்கும் அவ ஒண்ணும் பேசல.

அப்புறம் இன்னொண்ணு, 1988ல காவலூர்ல இருந்து கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பேரு. வானத்துல நம்ம ஆளு பேரு சுத்துதுன்னு சொன்னப்ப சின்னவன், என் பேரும் வைப்பாங்களான்னான். நீ கண்டுபிடிச்சா பேரு வைக்கற உரிமை உனக்கு வரும்டான்னேன். சத்தியமா நம்பி தான் சொன்னேன்.

வர்ற வழியில ஆலங்காயத்துக்கு முன்னாடி வண்டியை ஓரமா நிறுத்தி, இருட்டுல டெலஸ்கோப்பை இறக்கினோம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துல ஆறு நட்சத்திரம்னு எங்கம்மா சொல்லும், 25 ஐபீஸ்ல பெரியவ நாப்பது வரைக்கும் எண்ணி நிறுத்திட்டா. எங்க மாடியில இத்தன தெரியாது, தெரு லைட்டு.

இப்ப குறை. ஸ்டாண்டு தான் பெரிய தலைவலி, தொட்டாலே ஆடுது, காத்தடிச்சா இன்னும் மோசம். காலை முழுசா நீட்டாம, நடுவுல அஞ்சு லிட்டர் தண்ணி கேனைக் கட்டித் தொங்க விட்டேன், பாதி சரியாச்சு. பாக்ஸ்ல 525 மடங்குன்னு போட்டிருக்கான், அதை நம்பாதீங்க, 140 தாண்டினாலே வெறும் மங்கல் தான். கூட ஒரு 3எக்ஸ் பிளாஸ்டிக் பார்லோ, அதாவது மூணு மடங்கு பெருசாக்கற லென்ஸ், குடுக்கறான், நான் ஒரு தடவைக்கு மேல தொடல. முக்கியமா ஒண்ணு, சில செட்டுல ஐபீஸ்ல திருகற மாதிரி சூரியன் பார்க்கற கறுப்பு ஃபில்டர் வரும், அதைத் தூக்கிப் போட்டுடுங்க, சூட்டுல விரிசல் விட்டா கண்ணே போயிடும். புள்ளைங்க பகல்ல தொடாத மாதிரி டெலஸ்கோப்பை நான் பீரோ மேல வெச்சிருக்கேன்.

அந்தக் காசுக்கு டியூஷன் வெச்சிருக்கலாமேன்னு நிறைய பேரு சொன்னாங்க. டியூஷனும் போறா. ஆனா "ஒண்ணு காணோம்பா"ன்னு அவ கத்தின அந்தக் குரல் எனக்கு எந்தக் காசுக்கும் கிடைக்காது. போன வாரம் அந்த சொந்தக்காரர் வந்தப்ப இவளே அவரை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு கண்ணை எப்படி மூடணும்னு காட்டிக் குடுத்து, வியாழனைக் காட்டினா. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாரு. அப்புறம் "நாலு இருக்கும்மா"ன்னாரு.

நாலு ஸ்டார், ஸ்டாண்டுக்காக ஒண்ணு குறைச்சிருக்கேன். குடியாத்தம் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது வாங்கற யோசனையில இருந்தா மாடிக்கு வந்து ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. அமாவாசை பௌர்ணமி வேணாம், வளர்பிறை ஏழு எட்டாம் நாள்ல வாங்க.