“நாலு இஞ்சு எல்லாம் ஒண்ணுதாங்ணா” என்று சொன்னால் நம்பாதீர்கள்: 18,640 ரூபாய் போச்சு

கேரளாவில் பாலக்காடு மாவட்ட எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் விலை கொஞ்சம் குறையுமே என்று எல்லை தாண்டித்தான் பைப் சாமான் எடுக்கிறோம். அப்படி எடுத்ததில் நேற்று 18,640 ரூபாய் போனது. கடை பெயர் போடவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பெரிய ஹார்டுவேர் கடை, வாட்ஸ்ஆப்பில் லிஸ்ட் போட்டால் டெம்போவில் ஏற்றி அனுப்பும் ரகம். எப்படிச் சரிபார்ப்பது என்று கடைசியில் எழுதுகிறேன்.

லிஸ்டில் ஒளிவுமறைவே இல்லை. 110 எம்எம் (கடைப் பேச்சில் நாலு இஞ்சு) எஸ்டபிள்யூஆர், அதாவது கக்கூஸ் கழிவு, மழைத்தண்ணி போகிற பைப், டைப் பி, ரிங் ஃபிட் (ரப்பர் ரிங் வைத்து இணைப்பது), 6 மீட்டர் பைப் 6. பெண்ட் (வளைவு) 8, டோர் டீ (அடைப்பு எடுக்க மூடி வைத்த டீ) 3. இந்தியத் தரக் குறியீடும் போட்டிருந்தேன்: பைப் ஐஎஸ் 13592, ஃபிட்டிங் ஐஎஸ் 14735, எல்லாம் ஒரே கம்பெனி. பதிலுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது: “நம்ம கடைங்ணா, மூட்டையப் பிரிச்சுப் பார்க்கவே வேண்டியதில்லைங்ணா. பணத்தைப் போட்டு விட்டீங்கன்னா மத்தியானம் வண்டி வந்துரும்.” அந்த ஒரு வாய்ஸ் மெசேஜை நம்பித்தான் பணம் போட்டது. வண்டி வந்தபோது மூட்டை பைண்டிங் கம்பியால் கட்டி இருந்தது, அப்படியே இறக்கியாச்சு.

பைப் இரண்டை வெட்டிய பிறகுதான் பிளம்பர் கூப்பிட்டார். வெட்டிய முனையில் சுவர் கனம் 2.2 எம்எம். பக்கவாட்டு அச்சைத் துடைத்துப் பார்த்தால் டைப் ஏ. அது மழைத்தண்ணிக்கும் வென்ட் பைப்புக்கும் (காற்றுப் போக்கி) உள்ளது. கக்கூஸ் லைனுக்கு டைப் பி வேண்டும், 3.2 எம்எம், அதாவது கிட்டத்தட்ட ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). இந்தப் பக்கம் கரிசல் மண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். மெல்லிசுப் பைப் அந்த அமுக்கலில் முட்டை வடிவத்துக்குப் போனால் ரிங் ஒரு பக்கம் பிடி விட்டுவிடும், கசிவு மண்ணுக்குள்ளேயே நடக்கும்.

பெண்ட் அதைவிட மோசம். எட்டில் ஐந்து, இஞ்சு அளவில் வார்க்கிற பிளம்பிங் பைப்புக்கான ஃபிட்டிங். அதிலும் “4 இஞ்சு” என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அது பிடிக்கிற பைப்பின் வெளிவட்டம் 114.3 எம்எம். நம்முடையது 110. வித்தியாசம் ஒன்றரை நூல்கூட இல்லை, தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பைப்பில் மாட்டினால் கடகடவென்று ஆடுகிறது. பேஸ்ட் போடும் ஃபிட்டிங் என்றால் காய்ந்த நிலையில் சாக்கெட் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காவது போய் இறுக வேண்டும். தானாக அடிவரை இறங்கினால் அது ஜோடி இல்லை. பேஸ்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற சரக்கு, இடைவெளியை அடைக்கிற சிமெண்ட் அல்ல.

மீதி மூன்றும் விவசாய பைப் எல்போ. வெளிவட்டம் 110தான், மாட்டினால் உட்காரும், அதனால்தான் ஏமாறுவது சுலபம். ஆனால் அது நச்சென்று 90 டிகிரி திரும்பும். கழிவு பெண்ட் 87.5 டிகிரி, வளைவும் நீளம், படுக்கை லைனுக்கு வாட்டம் கிடைக்கும். எல்போ போட்ட இடத்தில் கெட்டிக் கழிவு நிற்கும். டோர் டீ மூன்றும் ரிங் ஃபிட்தான் வந்தது, ரிங் மட்டும் வரவில்லை!

போன் போட்டால் முதலில், “எல்லா நாலு இஞ்சும் ஒண்ணுதாங்ணா, பேஸ்ட்டை ரெண்டு கோட்டு அடிச்சு மேல எம்சீல் வெச்சுருங்க.” அடுத்து, “ரிங்கா? எந்தக் கம்பெனி ரிங்கும் உட்காருங்ணா.” உட்காராது. ரிங் உட்காரும் காடியின் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேறு ரிங் போட்டால் பைப்பைத் தள்ளும்போது சுருண்டு வெளியே வரும். மூன்றாவது தடவை, “வெட்டுன சரக்கைத் திருப்பி எடுக்க முடியாது.” வெட்டாத நாலு பைப்? “கம்பெனி ரெப் வந்து பார்க்கணும்.” ரெப் எப்போது வருவார்? “கேரளா ஏரியா அவருக்கு இல்லீங்க.” அப்புறம் போனையே எடுக்கவில்லை. 18,640 ரூபாய்க்குக் கையில் இருப்பது ஒரு எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி பில் கிடையாது. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, பாலக்காட்டிலேயே, புகார் கொடுக்கலாம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் கவலை. வாய்ஸ் மெசேஜையும் பணம் போட்ட ரசீதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் கூப்பிட்டாச்சு.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு: தையல்காரர் டேப்பைப் பைப்பைச் சுற்றிப் பிடியுங்கள், 34.5 செமீ வந்தால் 110, 36 கிட்ட வந்தால் இஞ்சு சரக்கு. வண்டி நிற்கும்போதே ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் அதே பைப்பில் மாட்டிப் பாருங்கள். ரிங்கை எண்ணி வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள்.

பைப்பை வெட்டுவது எல்லாம் அதுக்கப்புறம். இங்கே குழி திறந்தே கிடக்கிறது, எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வேறு வரப்போகிறது.