பாளையில் 'எஸ் அண்ட் சி கோச்சிங்'குக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற பையன்களும் கபடிக்காரர்களும் கவனியுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஜிம்மில் 'ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் (எஸ் அண்ட் சி), 12 வாரம்' என்று, அதாவது பலமும் தம்மும் ஏற்றும் பயிற்சி என்று சொல்லி, ஆளுக்கு 15,000 ரூபாயை முழுசாக முன்கூட்டியே வாங்கியிருக்கிறார்கள். சேர்ந்த நாலு பேரில் இரண்டு பேர் ஆறாவது வாரத்தில் நொண்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். மிச்சப் பணம் கேட்டதற்கு, "ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் வந்ததோடு சரி. அவர்களுக்குக் கொடுத்த பயிற்சித் தாளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

ஃபிளெக்ஸில் படம் போட்டிருந்த கோச் வந்தது இரண்டே நாள். மற்ற நாளெல்லாம் அங்கே பயிற்சிக்கு வரும் இன்னொரு பையன்தான் விசில் ஊதியிருக்கிறான். அதைவிடப் பெரிய மோசடி அந்தத் தாள். 1500 மீட்டர் ஓட வேண்டியவருக்கும் கபடியில் பாடிப் போகும் ரெய்டருக்கும் அச்சுப் பிசகாமல் ஒரே தாள், மேலே பெயர் மட்டும் பேனாவில் மாற்றி எழுதியது. ரெய்டு 30 விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் இரண்டு மூன்று முறை வெடித்துப் பாய வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலோ ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதாவது 100 மீட்டருக்கு 28 விநாடி வீதம் மூச்சு கலையாமல் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்?

முதல் நாள் எதையும் அளக்கவில்லை. 1500 மீட்டர் நேரம், நின்ற இடத்திலிருந்து தாண்டும் தூரம், எத்தனை புல்-அப், 20 கிலோ வெறும் பாரைத் தோளில் வைத்து ஸ்குவாட் உட்காரும்போது முட்டி உள்ளே மடங்குகிறதா, பழைய காயம், பிரஷர், இவ்வளவும் நோட்டில் ஏற வேண்டும். அளக்காமல் ஆரம்பித்தால், 12 வாரம் கழித்து ஒன்றும் ஏறவில்லை என்று யாராலும் காட்ட முடியாது. அளக்காமல் விடுவது சோம்பலால் மட்டும் இல்லை என்றே நினைக்கிறோம்.

இனி கால் போன கதை. மொட்டை மாடி சிமெண்ட் தரையில், வாரம் ஐந்து நாள், நாளுக்கு 150 பாக்ஸ் ஜம்ப், அதாவது பெட்டி மேல் தாவி ஏறுவது. அது போக சாயங்காலம் ஸ்பிரிண்ட். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 60 தாண்டல் போதும், வாரம் இரண்டு நாள், அதுவும் மண்ணிலோ புல்லிலோ. தசை சில வாரத்தில் பழகிவிடும். எலும்பு பழக மாதக்கணக்காகும். இந்த இடைவெளியில்தான் முட்டிக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பு அடி வாங்குகிறது. பையன் வலிக்கிறது என்று சொன்னதற்கு, "வலிச்சாத்தாம்ல ஏறும்" என்று பதில் வந்திருக்கிறது. எலும்பின் உள்ஓரம் நெடுக வலித்து, உடம்பு சூடானதும் வலி குறைகிறது என்றால், ஓட்டத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். ஒரே விரல் வைக்கும் இடத்தில் சுள்ளென்று வலித்து, ஓட ஓடக் கூடி, ராத்திரியிலும் வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் அது தெரியாமலே போகலாம். 'எக்ஸ்-ரே நார்மல்' என்று சொல்லி மறுபடி ஓடவிட்டால் விரிசல் முறிவாகிவிடலாம். எலும்பு டாக்டர் சொல்லும்வரை ஓடக் கூடாது.

இன்னொரு பையனுக்கு இரண்டாம் நாளே 'தண்டனை' என்று 300 தோப்புக்கரணம். நம்ம ஊர் வெயிலில் இது விளையாட்டில்லை. தொடை வீங்கி, கால் மடக்க முடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தில் அடைத்துக்கொண்டிருக்கலாம். இளநீர் குடித்துப் படுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

1500 மீட்டர்காரருக்குத் தாள் எப்படி இருந்திருக்க வேண்டும்? வாரம் ஒரு நாள் 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் 45 விநாடியில், நடுவே 2 நிமிடம் நடை. இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் 4, 5 கிலோமீட்டர். இரண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது), புல்-அப். 5 வீதம் 3 செட், செட்டுக்கு நடுவே 2, 3 நிமிடம் ஓய்வு. அத்தனையும் சுத்தமாக வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டலாம். நாலாவது வாரம் செட்டைக் குறைத்து உடம்பை ஆற விட வேண்டும். இவர்கள் 30 விநாடிதான் ஓய்வு கொடுத்தார்கள். அதில் மூச்சு வாங்கும், பலம் அவ்வளவாக ஏறாது.

லேபிள் இல்லாத கவரில் 'புரோட்டீன்' என்று ஒரு பொடியும் 2,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

சுவரில் மாட்டிய சான்றிதழையும் கிட்டப் போய்ப் படியுங்கள். பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) என்றால் ஆறு வாரக் கோர்ஸா, டிப்ளமோவா, எந்த விளையாட்டுக்கு என்று கேளுங்கள். சி.எஸ்.சி.எஸ். (எஸ் அண்ட் சி கோச்சுகளுக்கான அமெரிக்கச் சான்றிதழ்) என்றால் எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ் அது.

பணத்தை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள், பில் வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், ஃபிளெக்ஸ் படம், பயிற்சித் தாள், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம்.