மெட்ராஸ் ஐ வந்தால் எந்த வாசல்? மெடிக்கல் முதல் எழும்பூர் வரை

மழைக்காலம் நெருங்கினால் தெருமுனை மெடிக்கலில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, "கண்ணு வந்திருச்சு, சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க" என்பார். கடைக்காரர் ஒரு சிறு புட்டியை எடுத்து வைப்பார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சிவந்த கண்ணுக்கு நம் ஊரில் கிடைக்கும் சேவைகளில் இதுதான் மிக வேகமானது. எங்கள் மதிப்பீட்டில் கடைசி இடமும் இதற்குத்தான். காரணம் ஒன்றே: அங்கே யாரும் கண்ணைப் பார்ப்பதில்லை.

இந்தக் குறை ஏன் அவ்வளவு பெரியது என்று புரிய, நோயைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். விழியின் வெள்ளைப் பகுதியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கிச் சிவப்பதுதான் விழிவெண்படல அழற்சி. கூட்டம் கூட்டமாகப் பரவும்போது பெரும்பாலும் அடினோ வைரஸ்தான் காரணம். 1918இல் சென்னையில் பரவியபோது பதிவானதால் மெட்ராஸ் ஐ என்ற பெயர் நிலைத்தது என்பார்கள். கிருமி தொற்றி 5 முதல் 12 நாளில் கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தும். தண்ணீராக வடியும், காதுக்கு முன்னால் நெறி கட்டும், சிலருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் சேரும். ஒரு கண்ணில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் மறு கண்ணுக்கும் போகும். முதல் நான்கைந்து நாள் ஏறுமுகம். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும்.

வைரஸை ஆன்டிபயாடிக் சொட்டு கொல்லாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு எப்படியும் இறங்க வேண்டிய சிவப்பு இறங்கும்போது, பாராட்டு மட்டும் அந்தப் புட்டிக்குப் போய்ச் சேருகிறது. உண்மையில் இந்தக் கண்ணுக்கு வேண்டியவை குறைவு: சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒற்றடம். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கலந்த செயற்கைக் கண்ணீர், நாளைக்கு நான்கு முறை. வலித்தால் பாராசிட்டமால். அவ்வளவுதான்.

பாக்டீரியாவால் வந்தால் அடையாளம் வேறு. மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை தள்ளும். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5% போன்ற ஆன்டிபயாடிக் சொட்டுக்கு இங்கே வேலை உண்டு. ஒவ்வாமை என்றால் அரிப்புதான் முன்னால் நிற்கும். இரண்டு கண்ணும் சேர்ந்தே அரிக்கும், பீளை நூல் போல இழுபடும். கோடைதோறும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் சிறுவர்கள் பலருக்கு இதுதான் இருக்கும். மூன்றுமே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒரே சிவப்பாகத்தான் தெரியும்.

மெடிக்கல் கவுண்டரில் உண்மையான ஆபத்து ஆன்டிபயாடிக்கில் இல்லை, அதோடு கலந்து வரும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தில்தான். புட்டியின் மேல் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளூரோமெத்தலோன் என்று 'சோன்', 'லோன்' என முடிந்தால் அது ஸ்டீராய்டு. லோட்டிபிரெட்னால், டைஃபுளூபிரெட்னேட் இரண்டும் அதே வகைதான், பெயர் மட்டும் வேறு மாதிரி முடியும். இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் கை மாறுகின்றன, ஏனென்றால் விட்ட மறுநாளே கண் வெளுத்துவிடும். வாங்கியவருக்கு மகிழ்ச்சி, அடுத்த வீட்டுக்கும் அதே புட்டியைச் சொல்வார். உள்ளே நடப்பது வேறு. வைரஸ் கண்ணில் தங்கும் காலம் நீள்கிறது. அந்தச் சிவப்பு ஹெர்பிஸ் வைரஸால் வந்திருந்தால் கருவிழிப் புண் வேகமாகப் படர்கிறது. களத்தில் வேலை செய்யும்போது நெல் உமியோ சோளத்தோகையோ பட்டு வந்த பூஞ்சைப் புண் என்றால் இன்னும் மோசம். நம் பக்கத்து விவசாயிகளுக்கு இது அரிதான நோயும் அல்ல. கண்ணில் பூ விழுந்துபோனவர்களின் கதையில் முதல் வாரத்துச் சொட்டு மருந்து என்ன என்று கேட்டுப் பார்த்தால் பல சமயம் இந்தக் கலவைதான் வெளிவரும். மாதக்கணக்கில் விட்டவர்களுக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடுவதும் உண்டு.

கண்ணாடிக் கடைகள் அடுத்து. 'இலவசக் கண் பரிசோதனை' என்ற பலகையைப் பார்த்துச் சிவந்த கண்ணோடு உள்ளே போவது வீண். அங்கிருக்கும் கருவி கண்ணாடி பவரை அளக்கிறது, கருவிழிப் புண்ணைக் காட்டாது. கண் கலங்கியிருக்கும்போது எடுத்த பவரும் சரியாக வராது. தாடையை வைக்கும் தாங்கியில் அடுத்தவருக்கு நோயை விட்டுவிட்டு வருவதுதான் மிச்சம். பவர் பார்ப்பதைக் கண் முழுக்கத் தெளிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடுக்க வேண்டும். செலவில்லை, டாக்டர் நேரில் பார்க்கிறார், சாதாரண மெட்ராஸ் ஐ என்றால் அதோடு முடிந்துவிடும். சில நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளரும் உண்டு. அவர் எந்த நாளில் வருவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 104 எண்ணில் கேட்கலாம்.

கிராமத்தில் இருப்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை அரவிந்த் கண் மருத்துவமனையின் விஷன் சென்டர்கள். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் இவற்றைத் திறந்து வருகிறது. பயிற்சி பெற்ற பணியாளர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைப் பார்த்துப் பதிவு செய்கிறார். டாக்டர் வேறு ஊரில் இருந்தபடி திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். டாக்டர் நேரில் இல்லாதது குறையாகத் தோன்றலாம். ஆனால் டார்ச் மட்டும் அடித்துப் பார்க்கும் டாக்டரை விட, ஸ்லிட் லேம்ப் வழியாகப் பார்த்துவிட்டுத் தொலைவிலிருந்து பேசும் டாக்டர் சிவந்த கண்ணுக்கு மேல்.

சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819இல் தொடங்கியது, கண்ணுக்கென்றே அமைந்த மருத்துவமனைகளில் உலகிலேயே இரண்டாவது பழையது என்ற பெருமை அதற்கு உண்டு. அரசு மருத்துவமனை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா போன்ற பெரிய நிறுவனங்களின் பலம் சிக்கலான நோய்களில். மூன்று நாள் சிவப்புக்கு அங்கே பாதி நாள் உட்காருவது தேவையில்லை. கருவிழியில் புண் என்று உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் அங்கே போக வேண்டும்.

உள்ளூரில் தனியார் கிளினிக் என்றால் பலகையைப் படியுங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு கண் மருத்துவத்தில் எம்.எஸ்., டி.ஓ., டி.என்.பி. போன்ற ஒரு பட்டம் இருக்க வேண்டும். உள்ளே நடப்பதைக் கவனித்தால் தரம் ஐந்து நிமிடத்தில் புரியும். முதலில் ஒவ்வொரு கண்ணாக மறைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும். சிவந்த கண்ணுக்கு இதைச் செய்யாமல் மருந்து எழுதும் இடத்துக்கு நாங்கள் மதிப்பெண் கொடுப்பதில்லை, ஏனென்றால் பார்வை குறைந்திருந்தால் அது சாதாரண மெட்ராஸ் ஐயாக இல்லாமல் இருக்கலாம். பிறகு காதுக்கு முன்னால் தடவிப் பார்ப்பார், இமையைப் புரட்டுவார், ஸ்லிட் லேம்பில் வைப்பார். சந்தேகம் இருந்தால் ஃபுளோரசின் சாயத்தாளைத் தொட்டு வைத்து நீல ஒளியில் பார்ப்பார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். கண்ணோரத்தில் மஞ்சள் கறையோடு வெளியே வரும் நோயாளியைப் பார்த்தால், உள்ளே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கண் கிளினிக்கே இந்த நோயைப் பரப்பும் இடமாகிவிடும். கண்ணைத் தொட்டு அழுத்தம் பார்க்கும் கருவியின் முனை, பொதுவான சொட்டுப் புட்டி, நாற்காலிக் கை இவற்றில் அடினோ வைரஸ் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆல்கஹால் சானிடைசருக்கு எளிதில் மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் நம்பகம். அதனால் சிவந்த கண்ணுக்குத் தனி வரிசை போடும் இடம், ஒவ்வொருவருக்கும் நடுவில் கை கழுவும் டாக்டர் இரண்டுக்கும் கூடுதல் மதிப்பு. கண்புரை அறுவைக்கு வந்த பாட்டியின் பக்கத்திலேயே மெட்ராஸ் ஐ நோயாளியை உட்கார வைக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மருந்துச் சீட்டில் எத்தனை வேளை, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று இருக்க வேண்டும். சாயம் வைத்துப் பார்க்காமலே ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, ஒவ்வாமை மருந்து என மூன்று புட்டி எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். ஸ்டீராய்டுக்கு நியாயமான இடமும் உண்டு. இமையின் உள்ளே பொய்ச்சவ்வு படிந்தாலோ, கருவிழியில் புள்ளிகள் விழுந்து பார்வை மங்கினாலோ டாக்டர் அதைக் கொடுத்து, வாரம் வாரமாகக் குறைத்து, கண் அழுத்தத்தையும் பார்ப்பார்.

சில கண்களுக்கு வாசல் தேடும் அவகாசமே கிடையாது. கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, அடிபட்டோ சுண்ணாம்பு தெறித்தோ வந்த சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் வாந்தியும், கான்டாக்ட் லென்ஸ் போடுபவரின் சிவப்பு, பிறந்து 28 நாளுக்குள் குழந்தைக்கு வரும் பீளை: அன்றைக்கே கண் மருத்துவமனை. சுண்ணாம்பு விழுந்தால் மட்டும் கிளம்புவதற்கு முன்பே, குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது. புண் இருக்கும் கண்ணில் அவை புதுக் கிருமியைக் கொண்டு சேர்க்கும்.

வீட்டில் சொட்டு விடுவதிலும் தவறு நிறைய. கை கழுவி, கீழிமையை இழுத்துப் பை போலாக்கி, மேலே பார்த்து ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமில்லை, கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி மூக்கோர மூலையை ஒரு நிமிடம் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. முனை இமையில் படக் கூடாது. மூடியை முழுக்கத் திருகினால் உள்ளிருக்கும் ஊசியே துளை போடும் புட்டிகளில், குண்டூசியால் குத்தும் பழக்கத்தை விடுங்கள். துளை பெரிதாகி மருந்து கொட்டும், கிருமியும் நுழையும். ஒருவர் புட்டி ஒருவருக்கே, திறந்து ஒரு மாதமானால் குப்பைக்கு. துண்டும் தலையணை உறையும் தனி. எதிரில் நிற்பவரைப் பார்ப்பதால் நோய் ஒட்டாது, கை வழியாகத்தான் போகும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு மட்டுமே. நீர் வடிவது நிற்கும்வரை பள்ளியும் அலுவலகமும் வேண்டாம்.

சிவப்பு போய் இரண்டு வாரம் கழித்து எழுத்து மங்கினாலோ இரவில் வண்டி வெளிச்சம் சிதறினாலோ, கருவிழியில் புள்ளி விழுந்திருக்கலாம். அதற்கு மீண்டும் ஸ்லிட் லேம்ப் வேண்டும். இதை முதல் நாளே சொல்லி, சீட்டின் அடியில் தேதி போட்டு அனுப்பும் டாக்டர் உங்கள் தெருவில் இருந்தால் வேறு இடம் தேட வேண்டியதில்லை.